கயிறு போட ஒரு ஜோடி

கடலுக்குள் சூரியன் இறங்குகிற நேரத்தில் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். ஹிமேனா என்று பெயர், மெக்சிகோக்காரி. திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசத்து அரிபிரசாத் அந்த நாட்டில் ஐந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். இருவருக்கும் ஒரே ஆபீஸ். இப்போது மரக்காணத்துக்கு வடக்கே ஒரு கடலோர விடுதியின் மணலில் நின்றுகொண்டு, சூரியன் எந்த இடத்தில் வரும் என்று பந்தல்காரர் ஆனந்தராஜிடம் விரலை நீட்டிக் கேட்டாள்.

"இந்தப் பக்கம் கடல்ல சூரியன் எறங்காதுங்க," என்றான் ஆனந்தராஜ், அரிபிரசாத்தைப் பார்த்து. "எறங்குறது அந்தாண்ட, சவுக்குத் தோப்புக்குப் பின்னால. கடல்லருந்து ஏறத்தான் செய்யும். அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அரிபிரசாத் இங்கிலீஷில் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள். அவள் ஊருக்குக் கடல் மேற்கே இருக்கிறதாம். அப்படியானால் சூரியன் ஏறும்போதே வைத்துக்கொள்ளலாம் என்றாள். கூட வந்திருந்த அரிபிரசாத்தின் அம்மா அம்சவள்ளிக்கு அதைக் கேட்டதும்தான் மூச்சு வந்தது. தையில் காலை ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம் என்று ஜோசியர் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார். அதை வருகிற மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அது 2014 மார்கழி. ஆனந்தராஜ் திண்டிவனத்தில் இருபது வருஷமாகப் பந்தலும் மேடையும் போடுகிறவன். மெக்சிகோ கல்யாணத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஹிமேனா படங்களைக் காட்டினாள். வண்ணக் காகிதத்தில் பூவும் குருவியும் வெட்டிய தோரணங்கள். மாப்பிள்ளை பெண்ணின் கையில் கொட்டுகிற பதின்மூன்று காசு. வாத்தியக்காரர்கள் முன்னே வாசித்துக்கொண்டு போக, பின்னாலேயே ஆடிக்கொண்டு போகிற ஜனங்கள். வாத்தியத்துக்கு விழுப்புரத்திலிருந்து பேண்டு செட்டைப் பேசினான். காகிதத் தோரணம் ஒன்றைச் செய்து ஒரு ராத்திரி மணலில் கட்டிப் பார்த்தார்கள். விடிந்தபோது பனியில் நனைந்து கூழாகத் தொங்கியது. மெல்லிய துணியில் வெட்டலாம் என்று அவனுடைய பழைய வேலையாள் பச்சைமுத்து சொன்னார். அப்படியே செய்தார்கள்.

எல்லாவற்றையும் அவன் சரியாகச் செய்தான். ஒரு கம்பு கோணவில்லை. ஆனால் எதிலும் அவன் இல்லை. இரண்டு வருஷமாகவே அப்படித்தான். அவனுக்கும் செந்தாமரைக்கும் ஒரே பெண், கலைப்பிரியா. பிளஸ் டூ படிக்கும்போது ஆறு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். போன ஐந்தாம் நாள், செஞ்சி ரோட்டு மண்டபத்தில் முன்பே ஒப்புக்கொண்ட மேடை ஒன்று இருந்தது. ஆனந்தராஜ் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். வீடு முழுக்க உறவு ஜனம் உட்கார்ந்திருந்தது. அன்று போனவன்தான், அதன்பிறகு வீட்டுக்கு அவன் உடம்பு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. பசித்தால் சாப்பிட்டான், படுத்தால் தூங்கினான். அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

போன ஐப்பசியில் செந்தாமரை ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு முகையூருக்குப் போய்விட்டாள். அங்கே அவள் அம்மா வீரம்மாளும் தம்பி கண்ணையனும் இருக்கிறார்கள். போகும்போது சண்டை எதுவும் இல்லை. "ஆளில்லாத வூட்ல இருக்கறதும் உங்க கூட இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்குது," என்று மட்டும் சொன்னாள். கேட்டவர்களிடமெல்லாம், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று ஆனந்தராஜ் சொல்லிவந்தான்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் ஹிமேனாவும் அரிபிரசாத்தும் அவன் கடைக்கு வந்தார்கள். அவள் தன் பையிலிருந்து ஒரு நீள மரப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே வெள்ளை மணிகள் கோத்த கயிறு, இரண்டு பெரிய வளையமாகச் சேர்த்து முடிந்தது. இதற்கு லாசோ என்று பேர் என்றான் அரிபிரசாத். சபதம் சொல்லி முடித்ததும், ஒரு வளையத்தை மாப்பிள்ளை தோளிலும் இன்னொன்றைப் பெண் தோளிலுமாகப் போடுவார்கள். அவள் அப்பா அம்மாவுக்குப் போட்ட அதே கயிறு.

"போடறது யாருன்னா, கல்யாணமாகி ரொம்ப வருஷமான ஒரு ஜோடி. பெத்தவங்க போடற வழக்கமில்ல. இவ சித்தியும் சித்தப்பாவும் வர்றதா இருந்தது. சித்திக்குக் கால் ஒடஞ்சு போச்சு. கூட வர்றவங்கள்ல மத்த யாருக்கும் கல்யாணம் ஆகல."

"உங்க அண்ணனும் அண்ணியும் இருக்காங்களே."

"கேட்டோம். கழுத்துல கயித்த மாட்டறது நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னுட்டாங்க. மாமாவும் அதையேதான் சொன்னாரு." அரிபிரசாத் கொஞ்சம் தயங்கினான். "இவ உங்களக் கேக்கச் சொல்றா. உங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்னு அம்மாகிட்ட சொன்னீங்களாமே. நீங்களும் அக்காவும் வந்து போடணும்."

ஹிமேனா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. "சரிங்க," என்றான்.

மறுநாள் விழுப்புரம் போய் பஸ் மாறி முகையூரில் இறங்கினான். மூன்று மாதத்தில் அவன் அங்கே போவது அதுதான் முதல் தடவை. வீரம்மாள் வாசலில் முறத்தோடு நின்றிருந்தவள், "வாங்க மாப்பிள," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். செந்தாமரை பின்கட்டில் உட்கார்ந்து விதைக் கடலைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணையன் நிலத்தில் விதைக்க வேண்டிய நேரம். ஆனந்தராஜ் அவள் எதிரில் குந்தினான். கை சும்மா இருக்காமல் நாலு மல்லாட்டையை எடுத்து உடைத்தான்.

வந்த சேதியைச் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சரின்னேன்."

"நான் வருவனா மாட்டனான்னு தெரியாமயா?"

"ஆமா."

"அவங்க வசதி இருக்கறவங்க. வேற யாரையாச்சும் புடிச்சிக்குவாங்க. எதுக்கு வந்து என்னக் கூப்புடறீங்க?"

"தெரியல."

அவள் உடைத்த ஓடுகளை ஒருபக்கமாகத் தள்ளினாள். அடுத்த மல்லாட்டையை எடுத்தாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அஞ்சாம் நாளு எழுந்து போனீங்களே. அந்த மேடையில இன்னா பூ வச்சீங்க?"

அவனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "மஞ்ச சாமந்தி. ரெண்டு பக்கமும் தூண் மாதிரி. நடுவுல ரோஜா. ஒரு சரத்துல பூ பத்தலன்னு பச்சைமுத்து போய் வாங்கியாந்தாரு."

"எல்லாம் ஞாபகம் இருக்குது."

"அது மட்டுந்தான் இருக்குது, தாமரை. வூட்ல அந்த வாரம் யார் வந்தாங்க, யார் போனாங்க, அவள எந்தப் பக்கமா எடுத்துனு போனாங்க, ஒண்ணுமே இல்ல. நெனச்சுப் பாத்தா அந்த மேடைதான் வருது."

செந்தாமரையின் கை நின்றது. இரண்டு வருஷத்தில் அவன் இவ்வளவு பேசியதில்லை. அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. மழை நின்றுபோன ரோடு மாதிரி இருந்தது.

"வர்றேன்," என்றாள். "ஆனா பொய் சொல்லிக்கினு வரமாட்டேன். நமக்குப் புள்ள போயிட்டதையும், நாம தனித்தனியா இருக்கறதையும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. அப்புறமும் வேணும்னா வர்றேன்."

அவன் திரும்பிய கையோடு பிரம்மதேசம் போய் அதைச் சொன்னான். கூடத்தில் அம்சவள்ளியும் இருந்தாள். அரிபிரசாத் ஒவ்வொரு வாக்கியமாக மாற்றிச் சொல்ல, ஹிமேனாவின் பார்வை அவனிடமிருந்து ஆனந்தராஜிடம் வந்து நின்றது. அவள் பெண்ணின் பெயரைக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். 'ழ'வா 'ல'வா என்று ஒன்றும் தெரியாத வாயில் அந்தப் பெயர் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அவங்க வர்றாங்களான்னு கேக்கறா," என்றான் அரிபிரசாத்.

"வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ சரின்னு சொல்றா."

அம்சவள்ளி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் மனசில் என்ன ஓடியதென்று தெரியவில்லை. கிளம்பும்போது அவன் பின்னாலேயே தெருவரைக்கும் வந்தாள். "நான் குறுக்க நிக்கல, தம்பி. எங்க சொந்தக்காரங்க காதுக்கு மட்டும் போவ வேணாம். ஆயிரம் பேசுவாங்க."

கல்யாணத்துக்கு முந்தின நாளே செந்தாமரை வந்து விடுதியில் பெண்களோடு தங்கினாள். மறுநாள் விடியலில் காற்று அதிகம். துணித் தோரணங்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. குப்பத்துப் பெண்கள் சிலர் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஐயர் மந்திரம் சொன்னார், தாலி ஏறியது, தவிலும் நாதஸ்வரமும் கொட்டி முழக்கின. அரிபிரசாத் பதின்மூன்று காசை ஹிமேனா கையில் கொட்டினான். ஒரு காசு மணலில் விழ, மாமா ஒருவர் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். சூரியன் கடலுக்கு மேலே ஒரு சாண் ஏறியிருந்தது.

ஆனந்தராஜையும் செந்தாமரையையும் கூப்பிட்டார்கள். பெட்டியிலிருந்து கயிற்றை எடுத்து ஆளுக்கொரு வளையமாகப் பிடித்துக்கொண்டார்கள். பின்பக்கமாகப் போய் நின்று, அவன் அரிபிரசாத்தின் தலைக்கு மேலாக ஒரு வளையத்தைப் போட்டான். செந்தாமரை இன்னொன்றைப் பெண்ணின் தோளுக்கு இறக்கினாள். ஹிமேனாவின் கொண்டைப் பூவில் மணிகள் மாட்டிக்கொண்டன. அவள் தலையை அசைத்து விடுவிக்கப் பார்த்தாள்.

"இரும்மா. அசையாத. நான் எடுக்கறேன்," என்றாள் செந்தாமரை.

காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் பெண்ணுக்கு ஜடை பின்னும்போது அவள் பேசுகிற குரல் அது. ஆனந்தராஜ் அதைக் கேட்டான். மார்பில் எதுவோ வந்து இடிக்கப் போகிறது என்று காத்துக்கொண்டு நின்றான். ஒன்றும் வரவில்லை. கண் உலர்ந்தே இருந்தது. ஆனால் கை மட்டும் கயிற்றை விடவில்லை. கயிறு சரியாக விழுந்து, ஐயரும் நகர்ந்து, ஹிமேனாவின் அம்மா அழத் தொடங்கிய பிறகும் அவன் பிடித்தபடி நின்றான். செந்தாமரை அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டாள். மல்லாட்டை ஓடு கீறிய அவள் விரல் நுனிகள் சொரசொரப்பாக இருந்தன. இரண்டு வருஷத்தில் அவள் கை அவன்மேல் பட்டது அப்போதுதான்.

பேண்டு செட் முன்னால் போக, மெக்சிகோக்காரர்களும் பிரம்மதேசத்து ஜனங்களும் மணலில் ஆடிக்கொண்டு போனார்கள். பச்சைமுத்து வேலையாட்களைக் கூட்டிக்கொண்டு கம்புகளைப் பிடுங்க ஆரம்பித்தார். சாப்பாடு முடிந்து வேனில் ஏறியதும், "முகையூர் பஸ் ஏத்திவிடட்டுமா?" என்று கேட்டான் ஆனந்தராஜ்.

"வேணாம். வூட்டுக்குப் போங்க." கொஞ்ச தூரம் போனபின் செந்தாமரை சொன்னாள்: "அவ பீரோ ரெண்டு வருஷமா பூட்டியே கெடக்குது. தனியா தொறக்க எனக்குத் தெம்பு இல்ல. இன்னிக்கி நீங்க கூட இருங்க."

திண்டிவனம் வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். அவள் பீரோவைத் திறந்தாள். பாச்சை உருண்டை வாடை அடித்தது. ஒவ்வொன்றாக எடுத்து, தரையில் உட்கார்ந்திருந்த அவன் மடியில் வைத்தாள். யூனிபார்ம், துப்பட்டா, ஒரு பச்சைப் பாவாடை, ஸ்போர்ட்ஸ் டே பனியன். அவனுக்கு எதையும் அடையாளம் தெரியவில்லை.

"இது எப்போ எடுத்தது?" என்று பாவாடையைக் காட்டிக் கேட்டான்.

"பத்தாவது பாஸானப்போ. நீங்கதான் பாண்டிச்சேரியில எடுத்துக்கினு வந்தீங்க. நீளமாப் போச்சுன்னு மூணு நாள் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருந்தா."

"மடிச்சுத் தெச்சயா?"

"தெச்சேன். பாருங்க, கீழ இருக்குது தையலு."

அவன் ஓரத்தைத் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்தான். மூன்று நாள் கோபம் அவன் நினைவுக்கு வரவில்லை. "அந்தத் துப்பட்டா?" என்றான் அடுத்ததாக. அவள் அதையும் சொன்னாள். சாயங்காலம்வரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். செந்தாமரைதான் நடுவில் இரண்டு தடவை அழுதாள். அவன் எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

செந்தாமரை நாலு நாள் இருந்துவிட்டு, விதைப்புக்கு முகையூர் திரும்பினாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாசியில் ஒரு வாரம் முகூர்த்தம் எதுவும் இல்லாதபோது ஆனந்தராஜ் அங்கே போனான். கண்ணையனோடு சேர்ந்து மூன்று நாள் களை கொத்தினான். பழக்கமில்லாத கை கொப்புளித்துப் போய் எரிந்தது. எரிகிறது என்று அவளிடம் சொன்னான். அவள் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து தடவிவிட்டாள். நாலாம் நாள் விழுப்புரம் பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்தான்.