துரு அறை

துருப்பூஞ்சைத் தூளைத் தண்ணீரில் கலந்து கோதுமை இலைகளில் தெளித்துவிட்டு, தொட்டிகளை அவள் பிளாஸ்டிக் உறையால் மூடினாள். ஈரம் காயாமல் இருந்தால்தான் நோய் பிடிக்கும். பயிருக்கு நோய் வரக் கூடாதென்று ஊரே மெனக்கெடும்போது, நோயை வரவழைக்கச் சம்பளம் வாங்குகிறவள் அவள்.

அவள் கணவனுக்குக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், சுத்த அறையில் விதைப்பயிர் வளர்க்கும் வேலை. துரு அறை ஆட்கள் அங்கே காலெடுத்து வைக்கக் கூடாது. உடுப்பில் ஒட்டிய தூளே போதும், எல்லாம் பாழ். அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே இருவரும் கண்ணாடிக்கு இரு பக்கமும் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிட்டார்கள். உப்பு சரியா என்று இவள் நாக்கைத் தொட்டுக் கேட்பாள். அவன் வேண்டுமென்றே முகத்தைச் சுளிப்பான். வீட்டிலும் அவள் தலைக்குக் குளித்த பிறகுதான் கிட்டே வருவான்.

"என்னைத் தொட்டா ஒட்டிக்குமாக்கும்!" என்று வம்புக்கு இழுப்பாள். என்ன நாட்கள் அவை! நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அன்று காலை ஆய்வாளரம்மா, அவள் நோய் தெளித்துச் சோதித்த புது ரகக் கோதுமையின் இலை ஒன்றை, பச்சையை நீக்கிச் சாயமேற்றிக் காட்டினார். அங்கங்கே ஊசிமுனையளவு பழுப்புப் புள்ளிகள்.

"புண்ணுக்குப் போடுறோமே பெராக்சைடு, அதை இந்த இலையே தயாரிக்குதும்மா. பூஞ்சை நுழைஞ்ச இடத்துல இருக்கிற செல் தானாவே செத்துடுது. உயிருள்ள செல் கிடைக்காம பூஞ்சை பட்டினி. மத்த இலை பச்சையாவே இருக்கும்."

"அப்போ ஜெயிச்சாச்சா மேடம்?"

"நீ எப்படியெல்லாமோ தெளிச்சுப் பார்த்தும் பிடிக்கலையே!"

அவள் பூரித்துப்போனாள். ஆய்வாளரம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசத்தோட இந்த ரூமை மூடச் சொல்லிட்டாங்கம்மா. நோயே வராத ரகம் வந்தாச்சு, இனி எதுக்குங்கிறாங்க. சொல்லிப் பார்த்தேன், கேக்கல."

"அவருக்கு?"

"அவருக்கு வேலை இருக்கும். விதை பெருக்கணுமே."

"எனக்குக் கூட்டித் துடைக்கிற வேலையாச்சும்..."

ஆய்வாளரம்மா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். வெள்ளை மேலங்கி மாட்டி அவர்களைச் சுத்த அறைக்குள் அழைத்துப் போனார்கள். புதுக் கோதுமையோடு போட்டோ எடுக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். அவளும் முகம் கழுவிக்கொண்டு கதவுவரை போனாள்.

"நீ வரக் கூடாதேக்கா," என்றான் காவலாளி, சங்கடப்பட்டு.

அவளுக்குத் தெரியாததா? புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். திரும்பிப் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தினமும் சாப்பிடும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இங்க பாருங்க! கேமராவைப் பாருங்கண்ணே!" என்றார் உள்ளே போட்டோ எடுத்தவர்.

அந்தப் படம் இப்போது அலுவலக வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. எல்லோரும் நேரே பார்த்துச் சிரிக்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் ஒருவன் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறான். அவன் பார்ப்பது எதுவோ, அது படத்தில் இல்லை.