துக்கத்தின் ஆவி

பிள்ளை பெற்றதிலிருந்து ஷீனா சும்மா சும்மா அழுதாள். "இது துக்கத்தின் ஆவி, உபவாசம் இருந்தாத்தான் போகும்" என்று மாமியார் ஏசம்மாள் அவளுக்குச் சோற்றை நிறுத்திவிட்டாள். வெந்நீர் மட்டும்தான். பால் வற்றியது. தொட்டிலில் பிள்ளை சிணுங்கினால் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. தன்னை நினைத்து ஷீனாவே பயந்துபோய் அதை வாய்விட்டுச் சொன்னாள். உபவாசத்தை இன்னும் நீட்டினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜெபிக்க வந்த பாஸ்டர் கையோடு பால்கோவா வாங்கி வந்திருந்தார். ஷீனா அதைப் பிடுங்கி, அள்ளி அள்ளி வாயில் திணித்தாள். வீட்டார் ஓடிவந்து அவள் கையை முறுக்கிப் பிடித்தார்கள்.

"பிசாசே, உன் பேர் என்ன? சொல்லு!" என்று பாஸ்டர் அதட்டினார்.

"பசி" என்றாள் ஷீனா.

"ஸ்தோத்திரம்!" என்று ஏசம்மாள் கைதட்டினாள். "பாத்தியளா, பேரைச் சொல்லிருச்சு!"