மச்சான் கட்டிய அறை

டிக்கெட் எடுக்காதவனை முழியைப் பார்த்தே பிடித்துவிடுகிற பஸ் செக்கருக்கு, சொந்த வீட்டுப் பின்பக்கத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. புதிதாகக் கட்டிய அறையை ஒட்டி மண் பிளந்திருந்தது. முதலில் நூல் மாதிரி ஒரு கோடு. மூன்று வாரத்தில் சுண்டுவிரல் நுழைந்தது. இப்போது உள்ளங்கையே போகிறது.

கட்டிய கொத்தனார் வெளியாள் என்றால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அவனோ மனைவியின் தம்பி. ஒரு சொல் கூடிப்போனால் அக்காவும் தம்பியும் ஒரே கட்சியாகிவிடுவார்கள். அப்புறம் சோற்றுத் தட்டு ணங்கென்று வந்து விழும்.

"விரிசல்ல சிமெண்ட் பால் கரைச்சு ஊத்தியிருக்கேன் மாமா. மண்ணு செட்டாகுது, அவ்வளவுதான்" என்று மச்சான் நாலாவது தடவையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. தன்னைப்போல் பொறுமைசாலி இந்தத் தெருவிலேயே கிடையாது என்று அவருக்குப் பட்டது.

அறைக்காக மட்டும் அவர் வயிறு எரியவில்லை. மனைவி பதினாறு வருஷம் தையல் கம்பெனியில் கழுத்தொடிய உழைத்தவள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று என்று சொல்லியிருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து இந்த அறையில்தான் சொந்தமாகத் தைக்கப் போகிறாள். இரண்டு மெஷின் வந்து இறங்கியும் விட்டது. சுவர் அவள் தலையில் விழுந்தால்?

ஞாயிற்றுக்கிழமை காலை பொறுக்க மாட்டாமல் கடப்பாரையை எடுத்தார். விரிசல் அகன்றிருந்த மூலையில் நாலே குத்து. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. முழங்கை ஆழத்தில் கிழிந்த சாக்கு, உடைந்த பாட்டில், ஒற்றைச் செருப்பு. பழைய குப்பைக்குழி! வீட்டை விற்றவன் எப்போதோ மண்ணைப் போட்டு மூடியிருக்கிறான். அதன்மேல் போய் அஸ்திவாரம் போட்டிருக்கிறான் இந்த மகாபுத்திசாலி. செக்கருக்கு, சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷமாக இருந்தது. ஆள் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான்.

"இங்க வந்து பாரு, உன் தம்பி லட்சணத்தை!"

மனைவி வந்து குழியை எட்டிப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தோண்டும்போதே பார்த்துட்டான். நாலடி தள்ளிப் போடலாம்க்கான்னு எங்கிட்ட சொன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தான். 'மாமா, இந்த மூலை'ன்னு ஆரம்பிச்சான். 'நான் போட்ட கோட்டை மாத்த நீ யாருடா'ன்னு அவன் அளவுக்குக் கட்டியிருந்த நூலை அறுத்து வீசினீங்க. ரெண்டு நாள் நீங்க யார்கூடவும் பேசல. அப்புறம் யாரு வாயைத் திறப்பா? முடிஞ்ச மட்டும் தோண்டிக் கல்லைப் போட்டான், பாவம்."

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. நூலை அறுத்தது நினைவில்லை. தான் போட்ட கோடு சரியாக இருந்தது மட்டும்தான் நினைவிருந்தது.

"அதுக்காக உசுரு போற விஷயத்தையுமா மறைப்பீங்க? வேலையை விட்டுட்டு நீ இதுக்குள்ள உட்கார்ந்து..."

குரல் ஏறியது. மனைவி ஓரடி பின்னால் நகர்ந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது. கடப்பாரையை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நான் வேலையை விடலங்க" என்றாள் அவள். "லெட்டரே குடுக்கல. மெஷினையும் கடைக்காரங்ககிட்ட திருப்பி எடுத்துக்கச் சொல்லியாச்சு. உங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தம்பியும் நானும் ஒரு மாசமா யோசிச்சிட்டு இருக்கோம்."