கவிழ்த்து வைத்த கோப்பை

...கெஜம் என்ன விலை என்று கேட்டாலும் கேட்பார், என் வீட்டுக்காரரை நம்ப முடியாது, வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றவர்தானே, இது பள்ளிவாசல் இல்லை, பதுளை நகர மண்டபம், ஊவா ஓவியச் சந்தை என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள், எழுத்தைப் பார்க்காமல் அதை எழுதியிருக்கிற வெளுக்காத துணியைப் பார்த்தார், "நம்மட கோராத் துணி, புள்ள" என்றார், அப்போதுதான் முகத்தில் ஒரு வெளிச்சம். துணியைக் கண்டால் வருகிற அந்த வெளிச்சம் என்னைக் கண்டும் வந்த காலம் ஒன்று இருந்தது... கல்யாணம் முடித்த புதிதில், கடை இவ்வளவு பெரிதாகாத நாளில், பகலுக்கு வீட்டுக்கு வருவார், அடுப்படியிலேயே பலகையைப் போட்டு உட்காருவார், இன்றைக்கு யார் வந்தார்கள், எந்தக் கல்யாணத்துக்கு என்ன புடவை கேட்டார்கள், எல்லாம் சொல்லுவார், பேச்சோடு பேச்சாக என் பீங்கான் சோற்றுத் தட்டு, எங்கள் பேச்சில் கோப்பை, அதிலிருந்து மீன் துண்டை எடுத்துத் தன் சோற்றில் வைத்துக்கொள்வார், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டு ஜப்பான் புடவை வந்து குவிந்த பிறகு அவர் வாஹித் முதலாளி ஆகிவிட்டார், பகல் சோறு கடைக்குப் போகிறது, இரவுச் சோறு மூடிக் கிடக்கிறது. பிள்ளை இல்லாத வீட்டில் சத்தம் என்றால் இவருடைய செருப்புச் சத்தம்தான், அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன், வேறு என்ன வேலை எனக்கு.

இன்றைக்கு இவரை இங்கே இழுத்து வந்ததே அத்தி பூத்த மாதிரி. வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்காகக் கடை சாத்தியிருக்கிறது, தொழுதுவிட்டு வந்தவரைச் சட்டை மாற்ற விடாமல் கூட்டி வந்தேன், அடுத்த வீட்டுச் சந்திரகாந்தி டீச்சர் அழைப்பு வைத்தார், துணியும் நம்மிடம்தான் எடுத்தார், போகாவிட்டால் நல்லாயிருக்காது என்று சொன்னேன், வியாபார நியாயம் என்றால் மறுபேச்சு இல்லை. ஆனால் நான் வந்தது அதற்கா? அதோ, தெற்குச் சுவரில், இரண்டாவது வரிசையில், கொஸ்லந்தைத் தேயிலை ஸ்டோர் கிளார்க் ஒருவர் வரைந்த நீர்வீழ்ச்சிக்கும் மஹியங்கனையிலிருந்து வந்த யானைக்கும் நடுவில், சின்னதாக ஒன்று இருக்கிறதே, ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே நமுனுகுல மலை, அது நான் வரைந்தது. கீழே பேர் இல்லை, "ஜன்னல், ஒரு பதுளைக்காரர்" என்று மட்டும் டீச்சர் எழுதி ஒட்டியிருக்கிறார், பேரைப் போடச் சொல்லி எவ்வளவோ கேட்டார், நான்தான் மாட்டேன் என்றேன். பேரைப் போட்டால் ஊரே வந்து இவரிடம் சொல்லும், உங்கள் வீட்டு ஆள் படம் போட்டிருக்கிறாவாம் என்று... எனக்கு அது வேண்டாம், எனக்கு வேண்டியது வேறு. இவர் தானாகவே அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், இது நம்மட அடுப்படி ஜன்னல்தானே புள்ள என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டால் நான் பிறகு ஒரு கோடு கூடப் போட மாட்டேன், சத்தியமாக.

படம் போட்ட அட்டையும் இவர் கடையிலிருந்து வந்ததுதான், துணிச் சுருளுக்கு நடுவில் வருமே, கெட்டி அட்டை, தூசி தட்டிக் கொண்டுவந்து கோழிக்கூட்டுக்கு மறைப்பு வைக்கச் சொன்னார், கோழிக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டேன். சாயம் டீச்சருடைய பள்ளிக்கூடத்துச் சாயம். ஆளை மட்டும் வரையவில்லை. உயிருள்ளதை உருவமாய் வரைந்தால் மறுமையில் அதற்கு உயிர் கொடு என்று கேட்பார்களாம், உம்மா சின்ன வயதிலேயே சொல்லிப் பயம் காட்டிவிட்டார், இருக்கிற வீட்டுக்கே உயிர் கொடுக்க முடியாதவள் படத்துக்கு எங்கே போய்க் கொடுப்பது? அதனால் மேசை, ஜன்னல், மலை. மேசையில் இவருடைய சோற்றுக் கோப்பை, நீலக்கரை போட்டது, அதன் மேல் இன்னொரு நீலக்கரைக் கோப்பையைக் கவிழ்த்து மூடியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து இவ்வளவு பேர் பார்க்கிற இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன், யாருக்கும் தெரியவில்லை, இவர் இன்னும் வடக்குச் சுவரைத் தாண்டவில்லை.

அங்கே ஏன் நின்றுவிட்டார்? சாக்குத் துணியில் மயில் தைத்து வைத்திருக்கிறார்கள், சாக்கைத் தடவிப் பார்க்கிறார், பார்க்காமல் இருப்பாரா. பக்கத்திலேயே அதைத் தைத்த பெண்ணும் நிற்கிறாள், தேயிலைத் தோட்டத்துப் பெண், கெட்டிப் பச்சைச் சேலை, வெற்றிலைச் சிவப்பு வாய். "நாந்தாங்க தச்சேன், நல்லா தொட்டுப் பாருங்க, ஒன்னும் ஆவாது" என்கிறாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள், "அம்மா, கீழ எம் பேரு போட்டிருக்காங்களாம், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." படித்தேன். பெரியாயி, ஹல்துமுல்லை. "இன்னொரு வாட்டி படிங்கம்மா." படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், பேர் கேட்கிறதில் அப்படி என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மயிலுக்குப் பக்கத்தில் தைரியமாக நிற்கிறாள், உயிர் கொடு என்று கேட்டால் இந்தா என்று கொடுத்துவிடுவாள் போல. எனக்கு அவள் மேல் பொறாமைதான், மறைப்பானேன். ஸவாஹிரா, பதுளை. ஸவாஹிரா, பதுளை. மனதுக்குள் என் பேரை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன், யாருடைய பேரோ மாதிரி இருந்தது.

வந்துவிட்டார். நீர்வீழ்ச்சியைப் பார்த்தார், நல்லாயிருக்கு என்றார், யானையைப் பார்த்தார், தந்தம் நீளம் என்றார், திரும்பிவிட்டார், போச்சு, எல்லாம் போச்சு... இல்லை, மறுபடி திரும்புகிறார். நிற்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புது மில் துணி வந்தால் நூலைப் பார்ப்பாரே, அந்த மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டு. நான் பக்கத்தில் போய் நிற்கலாமா, தள்ளி நிற்கலாமா, முந்தானையைத் தலையில் இன்னும் இழுத்துவிட்டேன், எதை மறைக்க? "இந்தா புள்ள, இங்க வாங்க" என்றார். போனேன். "ஒரு கோப்பயால மத்தக் கோப்பய மூடி ஈக்கு, கண்டீங்களா?" கண்டேன் என்றேன். "ரெண்டும் ஒரே ஜோடி. கீழ ஈக்கிறது வரப்போற ஆளுட. மேல கவுத்து ஈக்கிறது ஆர்ட?" யாருடையது என்று என்னிடமா கேட்கிறார்! அவரே சொன்னார், "அது சோறு வெச்ச ஆளுட கோப்ப. அப்ப அந்த ஆளு எதுல சாப்பிட்டிச்சு?" சாப்பிட்டிருக்க மாட்டாங்க என்றேன். "அதுதான் நானும் பாக்கிறேன். ஆளே இல்லாத படம், ஆனா ஒரு ஆளு பசியோட ஈக்கு. பாவம்" என்றார்.

பாவமாம். ஒவ்வொரு நாளும் வந்து கை கழுவிக்கொண்டே நீங்க சாப்பிட்டாச்சுதானே என்று கேட்பார், ஆச்சு என்பேன், என் கோப்பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், அவர் படுத்த பிறகு மிச்சத்தைத் தின்பேன். மூடுவதற்கு வேறு மூடியா இல்லை வீட்டில்? இருக்கிறது, தகரத்தில் ஒன்று, கம்பி வலையில் ஒன்று. என் கோப்பையால்தான் மூடுகிறேன், ஏனென்று இதுவரை நானே யோசித்ததில்லை, அப்படியே வரைந்தும் வைத்திருக்கிறேன், பார்த்த மாத்திரத்தில் இவர் சொல்லிவிட்டார். இவ்வளவு கண் இருக்கிற மனிதருக்கு அந்த ஜன்னல் எந்த ஜன்னல் என்று தெரியாதா... தெரியாமல்தான் சொன்னாரா? பதுளையில் எத்தனை வீட்டு ஜன்னலில் நமுனுகுல தெரிகிறது, எத்தனை வீட்டில் நீலக்கரைக் கோப்பை இருக்கிறது, அதுவும் சரிதான்.

படத்தை வாங்கிவிட்டார். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார், இங்கே எல்லாப் படமும் ஒரே விலை, ஒரு சாதாரணச் சேலையை விடக் குறைவு, இவர் பேரம் பேசவே இல்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. விரலால் அட்டையின் ஓரத்தைத் தடவினார். திருப்பினார். சுருளைப் பிரிக்கும்போது அட்டையில் பென்சிலால் சாய்வாய் ஒரு கோடு போடுவது இவர் வழக்கம், அதை நான் பாண் ரொட்டித் துண்டைத் தேய்த்து அழித்திருந்தேன், ஆனாலும் அழித்த இடம் கொஞ்சம் மினுங்கும். வெளிச்சத்துப் பக்கம் பிடித்துப் பார்த்தார். யார் போட்டது என்று டீச்சரிடம் கேட்கவில்லை. படம் வாங்குகிற எந்த மனிதரும் கேட்கிற கேள்வி அது, இவர் ஏன் கேட்கவில்லை?

பஸார் தெரு வழியாக நடந்தோம். படம் அவர் கக்கத்தில், நான் இரண்டடி பின்னால். இப்போது கேட்பார், அந்த வெல்லப்பாணிக் கடை தாண்டியதும் கேட்பார், பள்ளிவாசல் மூலையில் கேட்பார்... கடை வாசல் வந்துவிட்டது, கதவுப் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தார். வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா என்று கையை நீட்டினேன். "இல்ல, கடைல மாட்டுறேன், எனக்கு முன்னுக்கு." என் ஜன்னல் கடைக்குப் போய்விட்டது, இனி என்னைப் பார்க்க அவர் வீட்டுக்கு வர வேண்டியதே இல்லை போல என்று நினைத்தேன், நினைத்தது தப்போ என்னவோ, கண் கலங்கிவிட்டது. கடைசிப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னார், "இண்டைக்கி சோத்த மூடி வெக்க வேணாம், புள்ள." அதற்குள் யாரோ முதலாளி என்று கூப்பிட, உள்ளே போய்விட்டார்.

மூடி வைக்க வேண்டாம் என்றால்? நேரத்தோடு வருகிறேன், சேர்ந்து சாப்பிடலாம் என்கிறாரா? கடையிலேயே சாப்பிட்டுவிடுவேன், எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்கிறாரா? உங்கள் கோப்பையில் நீங்கள் சாப்பிடுங்கள் என்கிறாரா... கேட்டிருக்கலாம். இப்போது அடுப்படியில் நிற்கிறேன், ஜன்னலில் நமுனுகுல மேல் மேகம் ஏறுகிறது, அரிசி கொதிக்கிறது. அவருடைய கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாயிற்று. என்னுடையது கையில் இருக்கிறது. பக்கத்தில் நிமிர்த்தி வைப்பதா, வழக்கம் போல அதன் மேல் கவிழ்ப்பதா என்று தெரியாமல், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.