துலுக்கானத்தின் தலையில் முளைத்த வல்லாரை

1967ஆம் வருஷம் ஐப்பசி மாதம், மழை விட்ட மூன்றாம் நாள் காலையில், அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் துலுக்கானத்தின் தலையில் வல்லாரை முளைத்தது. முதலில் பார்த்தவள் அவன் பெண்டாட்டி நாகவல்லி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்தவள், உச்சியில் ஏதோ பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று எடுத்துப் போடப் பார்த்தாள். வரவில்லை, வேர் பிடித்திருந்தது. "இன்னாய்யா இது, தலையில கீரை கீது?" என்றாள். "இன்னா கீரை?" என்று கேட்டான் அவன். வல்லாரை என்று அவள் சொன்னதும், "அப்ப கிள்ளாத. டாக்டரு அதத்தான் தேடிக்கினு கீறாரு" என்று சொல்லிவிட்டு, சுற்றிலும் பார்த்து எண்ணெய் தேய்க்கச் சொன்னான். அந்த வாரம் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

முளைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்து கழனிகளை எடுத்துக்கொண்டபோது, கூலிக்கு நாற்று நட்டவர்கள் எல்லோரும் போல்ட்டு கம்பெனிக்கும் பிரஸ் கம்பெனிக்கும் போனார்கள். துலுக்கானத்துக்கு மெஷின் சத்தம் ஆகாது. ஏரிக்கரையில் எந்தப் பூண்டு எங்கே முளைக்கும், எதைத் தின்றால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் அவனுக்கு அத்துப்படி. அவன் அதிர்ஷ்டம், 1965இல் ஏரிக்கரை ஓரமாக ஒரு வாடகை பங்களாவில் 'காட்டு மூலிகை மூளைநல ஆராய்ச்சிப் பிரிவு' என்று பலகை மாட்டினார்கள். ஐந்தே வருஷத்தில் நாட்டு மக்களின் ஞாபகசக்தியை இரண்டு மடங்காக்குவது அதன் திட்டம். பங்களாவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு எழுத மறந்துபோனதால், முதல் இரண்டு வருஷம் எதிர்வீட்டுக் கிணற்றில்தான் இறைத்தார்கள். டாக்டர் இராமகிருஷ்ணன், ஹெட் கிளார்க் மனோகரன், உதவியாளர் புஷ்பா, நாற்பது வெள்ளெலிகள், தினக்கூலியில் துலுக்கானம். இவ்வளவுதான் பிரிவு. வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் வேரோடும் சேற்றோடும் பிடுங்கி, சொட்டச் சொட்டக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வருவது அவன் வேலை. இரண்டு வருஷம் ஏரிச்சேற்றை விடாமல் குடித்த தலையில் ஏதாவது முளைக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

அந்த நேரத்தில் அது முளைத்ததுதான் விசேஷம். புரட்டாசியில் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகத் தந்தி வந்தது. வளாகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மனோகரன் ஆறு ஆள் வைத்துப் பின்பக்கம் மண்டியிருந்த 'களை'யை எல்லாம் ஒரே காலையில் பிடுங்கி எறிந்து, பூந்தமல்லி நர்சரியிலிருந்து குரோட்டன்ஸ் வாங்கி வரிசையாக நட்டார். இரண்டு வருஷம் சேர்த்து வளர்த்த மூலிகைப் பாத்தி அதுதான் என்பது, பெயர்ப்பலகைகளைத் திரும்பக் குத்தும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பலகைகளை வீணாக்காமல் குரோட்டன்ஸுக்கு முன்னால் குத்திவைத்தார். அதிகாரி 'வல்லாரை' என்ற பலகையைப் படித்து, பின்னாலிருந்த சிவப்புப் புள்ளி இலையை நீவிக்கொடுத்து, "இதைத் தினமும் சாப்பிட வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏரிக்கரையிலோ அதற்குள் தொழிற்பேட்டைக்காக லாரி லாரியாக மண் கொட்டியாகிவிட்டது. அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் ஆராய்ச்சிக்கு மிஞ்சிய ஒரே வல்லாரை, துலுக்கானத்தின் தலையில் இருந்தது.

டாக்டர் இராமகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. எதையும் அளந்து பார்க்கிறவர், அவ்வளவுதான். அந்தத் தலையைப் பார்த்ததும், எப்படி முளைத்தது என்று கேட்கவில்லை. எத்தனை இலை என்று கேட்டார். ஏழு என்றாள் புஷ்பா. ஆவடி டாங்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வரும் திருநெல்வேலிப் பெண் அவள். தினமும் காலையில் இடுக்கியால் நாலைந்து இலை கிள்ளுவாள். மறுநாள் அதே இடத்தில் புது இலை வந்திருக்கும். இலையை நிறுத்து, அரைத்து, எலிகளுக்குக் கொடுப்பார்கள். பதிலுக்கு துலுக்கானத்துக்கு நிரந்தர வேலைக்கு எழுதியிருப்பதாக டாக்டர் சொன்னார். அதுவரை அவன் மொட்டை அடிக்கக் கூடாது, தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. வாசல் ரிஜிஸ்டரில் காலை ஒன்பதுக்கு 'செடி உள்ளே வந்தது' என்றும், மாலை ஐந்துக்கு 'செடி வெளியே சென்றது' என்றும் மனோகரன் எழுதினார். ஊட்டுக்காரருக்கு கவுர்மெண்டு வேலை ஆகப்போகிறது என்று நாகவல்லி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள்.

ஒவ்வொரு இலையோடும் துலுக்கானத்துக்கு ஒரு விஷயம் மறந்துபோயிற்று. முதலில் போனவை இருந்தும் பயனில்லாதவைதான். பாகற்காய் பிடிக்காது என்பதை மறந்து இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், நாகவல்லி சந்தோஷப்பட்டாள். அடுத்த வருஷம் விசிலடிக்க மறந்தான். அதற்கடுத்த வருஷம் பட்டரவாக்கம் கேட்டருகே நின்று, வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ரயில்வே கேட்மேனைக் கேட்டான். 1970 தைப் பொங்கலன்று, பானை பொங்கி வழியும்போது, அடுப்படியில் நின்றவளைப் பார்த்து மரியாதையாக, "நீங்க யாரும்மா?" என்று கேட்டான். அவள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு, புகையைச் சாக்கு வைத்து அழுதாள். பதினாலு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன், விருந்துக்கு வந்தவன் மாதிரி சங்கோஜப்பட்டுக்கொண்டு பொங்கல் சாப்பிட்டான்.

போனதெல்லாம் எங்கே போயிற்று என்பது அந்த மாசக் கடைசியில் தெரிந்தது. புருஷனுக்கு மதியச் சோறு கொண்டுபோனவள், கூண்டறைக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்பது எலியும் பின்னங்காலில் எழுந்து நின்று அவளைப் பார்த்தன. இருபத்தோராம் நம்பர் எலி, தூக்குச்சட்டியில் இருந்தது கருவாட்டுக் குழம்பு என்று தெரிந்து கம்பியைப் பிறாண்டியது. எட்டாம் நம்பர் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, இடது காதைத் தேய்த்துக்கொண்டிருந்தது. 1959இல் அவள் சொல்லாமல் கொள்ளாமல் குத்தம்பாக்கத்தில் அக்காள் வீட்டுக்குப் போய்வந்தபோது, துலுக்கானம் நாலு நாள் பேசாமல் இப்படித்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது காதைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அடப்பாவி மனுசா! இங்க வந்து குந்திக்கினு கீறியா?" என்று கூண்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எட்டாம் நம்பர் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் அப்படியே இருந்தது.

டாக்டரிடம் ஓடினாள். "சார், எங்க ஊட்டுக்காரரு ஞாபகம் பூரா அந்த எலிங்ககிட்ட கீது சார். இல பறிக்காதீங்க" என்றாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். படிவத்தை எடுத்துக் காட்டினார். "பாரும்மா, இதுல எலிக்கு மட்டும்தான் கட்டம் இருக்கு. இலை குடுக்கறவருக்குக் கட்டமே இல்லை. நான் எங்க எழுதறது?" அன்று சாயங்காலமே, நாற்பது எலிகளில் முப்பத்தெட்டு, பலகை அடைத்த வளைவுவழிப் பெட்டிக்குள் இரண்டு தரம் இடது, ஒரு தரம் வலது என்று வழியை ஞாபகம் வைத்திருந்து, பதினோரு வினாடியில் பொட்டுக்கடலையைக் கண்டுபிடித்தன என்று ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார். அங்கே அதைப் படித்துக் கை தட்டினார்கள்.

நிரந்தர வேலை உத்தரவு 1971 ஆடியில் வந்தது. துலுக்கானம் தன் பெயரையே மறந்த மறுநாள். பெயரைச் சொன்னால்தான் உத்தரவைக் கொடுக்க முடியும் என்றார் மனோகரன். "என் பேரு இன்னாம்மா?" என்று துலுக்கானம் நாகவல்லியைக் கேட்டான். தாலி கட்டின நாளிலிருந்து அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, இப்போது மட்டும் எப்படிச் சொல்வாள்? கையைப் பிடித்துத் துலுக்கானத்தம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய், சிலையைக் காட்டி, "அந்தப் பேருதான்" என்றாள். அவன் வெகுநேரம் சிலையைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் அம்மனா?" என்று கேட்டான். கூடவே வந்த புஷ்பா குறுக்கிட்டு அவனுக்குப் பெயர் சொல்லிக்கொடுத்தாள். ஆனாலும் பலனில்லை. வைத்தியப் பரிசோதனையில், ஞாபகசக்தி போதாது என்று, ஞாபகசக்தி ஆராய்ச்சிப் பிரிவில் வேலை செய்ய அவன் லாயக்கில்லாதவன் என்று எழுதிவிட்டார்கள். உத்தரவு திரும்பிப் போயிற்று. தினக்கூலிக்கும் 'செடி'க்கும் அந்தத் தகுதி தேவையில்லை என்பதால், இலை பறிப்பது தொடர்ந்தது.

1972 பங்குனியில் கடைசி இலையும் கிள்ளி எடுத்தபின் புது இலை வரவில்லை. தலை வெறும் தலையாயிற்று. கிள்ளியெடுக்க உள்ளே ஒன்றும் பாக்கியில்லை. அடுத்த வாரம் மூடி போட்ட நாற்பது கண்ணாடி ஜாடிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். "ஆராய்ச்சி முடிஞ்சிட்டுல்லா, எலி மூளைய அறுத்துப் பாப்பாவ அக்கா. திங்கக்கிழமைன்னு சொல்லியிருக்காவ" என்று புஷ்பா நாகவல்லியின் காதோடு சொன்னாள். நாகவல்லி அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. திங்கட்கிழமை, புருஷனின் பழைய கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய், கூண்டறை வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"வழி விடும்மா. எலிக்குப் போயி இவ்வளவு அமர்க்களமா?" என்றார் டாக்டர்.

"ஒங்களுக்கு எலி சார். எனக்குப் பதினாறு வருசம்."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. அறுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பெட்டியில் ஓடவிட்டு நேரம் குறிக்க வேண்டும் என்பது விதி. கூண்டுகளைத் திறந்தார்கள். முதல் எலி பெட்டி வாசலில் நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்தது. பலகைமேல் ஏறித் தாண்டிக் கீழே குதித்து, நேராக வாசற்படிக்கு வந்து நாகவல்லி மடியில் ஏறிக்கொண்டது. பின்னாலேயே மற்றவை வந்தன. பொட்டுக்கடலையை ஒன்றும் சீண்டவில்லை. எட்டாம் நம்பர் கடைசியாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேண்டா வெறுப்பாக வந்து முந்தானையின் ஓரத்தில் உட்கார்ந்தது. புஷ்பா பேனாவைத் திறந்தபடி, "சார், நாப்பதுக்கு சைபர். எழுதட்டுமா?" என்று கேட்டாள். எழுதினால் முப்பத்தெட்டும் போச்சு, வெளிநாட்டுக் கைதட்டலும் போச்சு. டாக்டரே ரிஜிஸ்டரை வாங்கி, 'நாற்பது எலிகளும் தொற்றுநோயால் இறந்தன. அப்புறப்படுத்தப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இறந்துபோன நாற்பது எலிகளையும் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு நாகவல்லி வீட்டுக்கு நடந்தாள். வழியில் அவை எட்டி எட்டித் தெருவை அடையாளம் பார்த்துக்கொண்டு வந்தன. டாக்டருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பங்களாவைக் காலி செய்தார்கள். ஜாடிகள் மனோகரன் வீட்டில் ஊறுகாய்க்கு ஆயின.

வெள்ளெலிக்கு ஆயுசு மூன்று வருஷம் என்பார்கள். இவற்றில் ஒரு மனுஷனின் ஆயுசும் சேர்ந்திருந்ததால் அந்தக் கணக்கு சரிப்படவில்லை. இரண்டு வருஷம் வீட்டோடு இருந்தன. துலுக்கானம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவையும் அவனைப் பார்க்கும். 1974 கார்த்திகை முதல், வயசாகி, ஒவ்வொன்றாகச் செத்தன. நாகவல்லி ஒவ்வொன்றையும் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் புதைத்தாள். பொங்கலுக்குள் அங்கே வல்லாரை முளைத்துவிட்டது. பறித்து, புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைத்துப் புருஷனுக்குப் போட்டாள். முதல் உருண்டையை வாயில் வைத்தவன், "உப்பு கம்மி" என்றான். ஐந்து வருஷமாக அவன் குறை சொல்லிச் சாப்பிட்டதில்லை. அடுத்த வாரம் விசிலடித்தான். அடுத்த மாசம் பாகற்காயைத் தட்டோடு தள்ளிவிட்டான்.

எட்டாம் நம்பரைப் புதைத்த இடத்துக் கீரையைத் தின்ற அன்று, துலுக்கானம் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து இடது காதைத் தேய்க்க ஆரம்பித்தான். என்ன கேட்டாலும் பதில் இல்லை. பக்கத்து வீட்டு ராஜம்மா வந்து, "இன்னாடி ஆச்சி, மறுபடியும் மறந்துட்டாரா?" என்று பதறினாள். "மறக்கலக்கா! குத்தம்பாக்கம் போனதுக்குக் கோவமா கீறாரு!" என்று சொல்லிவிட்டு, நாகவல்லி தெருவே பார்க்கச் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றாள். நாலு நாள் அவன் பேசவில்லை. நாலு நாளும் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஐந்தாம் நாள் காலையில், "வல்லி, இனிமே எங்க போனாலும் சொல்லிக்கினு போ" என்றான்.

கீரையோடு கொஞ்சம் எலியும் வந்துவிட்டது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கூலி வேலை முடிந்து வீடு திரும்பும்போது துலுக்கானம் தெருமுனையில் நின்று மூக்கைத் தூக்குவான். நேரான தெருவில் இரண்டு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வலப்பக்கம் வளைவான். சுவரே இல்லாத ஓர் இடத்தில் முட்டிக்கொண்டவன் போல நின்று திரும்புவான். தெருவிலுள்ளவர்கள் சைக்கிளையும் கயிற்றுக் கட்டிலையும் அந்த வழியில் வைப்பதில்லை. 1978இல் தார் போட வந்தவர்கள், ஜனங்கள் நடந்து தேய்ந்த தடம் இதுதான் என்று நினைத்து, அந்த வளைவுகளின்மேலேயே தாரை ஊற்றிவிட்டுப் போனார்கள். லாரிகூட அப்படித்தான் வளைந்து போகிறது. சாயங்காலம் ஆனால் நாகவல்லி வாசலில் வந்து நிற்பாள். அவன் கடைசி வளைவையும் திரும்பி, நேராக அவளிடம் வந்து நின்று கையை நீட்டுவான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பொட்டுக்கடலையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைப்பாள்.