நானூறு மில்லி

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் பெரிய சர்ஜனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் நானூறு. பித்தப்பையோ பெருங்குடலோ, எதை அறுத்தாலும் அவர் கணக்கில் போகிற ரத்தம் நானூறு மில்லிதான். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். இருபத்தைந்து வருஷ நர்ஸான நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

போன வருஷம் ஒரு ஸ்கோர் தாள் வந்தது. ஆபரேஷன் முடிந்ததும் மூன்றே விஷயம் எழுத வேண்டும்: எவ்வளவு ரத்தம் போனது, பிரஷர் எவ்வளவு தாழ்ந்தது, நாடித்துடிப்பு எதுவரை இறங்கியது. பத்துக்கு மார்க். நாலோ அதற்குக் கீழோ வந்தால் பின்னால் சிக்கல் வர வாய்ப்பு அதிகம், ஐசியூவுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மேல் என்றால் வார்டு. நல்ல தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கூட்டிவிடும். ஆனால் நாலும் அதற்குக் கீழும் வாங்கிய ஒவ்வொரு கேஸையும் சர்ஜன் திங்கட்கிழமை மீட்டிங்கில் எழுந்து நின்று விளக்க வேண்டும். நானூறுக்கு யார் முன்னாலும் எழுந்து நின்று பழக்கமில்லை.

அன்று மேஜையில் இருந்தவர் ஒரு பஸ் டிரைவர். பெருங்குடலில் கட்டி. ரத்தம் தோய்ந்த துணிகளை நான் தராசில் போட்டேன், உலர்ந்த எடையைக் கழித்தேன், உறிஞ்சு பாட்டிலில் இருந்ததைச் சேர்த்தேன்.

"சார், ஆயிரத்து நூறு வருது."

தையலிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "வயித்தைக் கழுவின தண்ணியையும் சேர்த்திருப்பீங்க. நானூறு போடுங்க சிஸ்டர்."

தண்ணீரையும் கழித்துத்தான் சொன்னேன். மயக்க மருந்து டாக்டர் மானிட்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரோடு ஒத்துப்போகிற மனுஷர். நான் மட்டும் என்ன ஒழுங்கு? நானூறு என்று எழுதினேன். மூன்றாக வர வேண்டிய மார்க் ஐந்தாகிவிட்டது.

வெளியே டிரைவரின் மனைவி ஓடி வந்தார். "எப்படி இருக்காரு சிஸ்டர்?"

"நல்லபடியா முடிஞ்சுதும்மா. வார்டுக்குத்தான் போறாரு. பத்துக்கு அஞ்சு."

"அஞ்சுன்னா பாஸ்தானே?" என்று சிரித்தார். "அவரு ஸ்கூல்ல அதுகூட வாங்கினதில்லையாம்."

நானும் சிரித்தேன், வெட்கமில்லாமல்.

வார்டில் முப்பது கட்டிலுக்கு ஒரு நர்ஸ். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்ப்பாள், பாவம், அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கும். மதியம் இரண்டு மணிக்குச் சரியாக இருந்தது. ஆறு மணிக்குப் போனபோது வயிறு வீங்கி, உடம்பு சில்லிட்டிருந்தது. உள்ளே கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. திரும்பவும் திறந்தார்கள். மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை நானூறு எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்தபடியே சொன்னார். "அஞ்சு வாங்கினவரே போயிட்டாரு. இந்த ஸ்கோரை எப்படி நம்புறது?" எல்லோரும் தலையாட்டினார்கள். தாளை நிறுத்திவிட்டார்கள். பழி தாள்மேல் போனது, அதற்கு வாயில்லை. எனக்கு இருந்தது, திறக்கவில்லை.

அந்த வாரமே இறப்புச் சான்றிதழ் வாங்க டிரைவரின் மனைவி வந்தார். மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"நல்லா இருக்காருன்னு சொன்னீங்களே."

எப்படித்தான் வந்ததோ, சொல்லிவிட்டேன். "அஞ்சு இல்லம்மா. மூணு. ஐசியூவுக்குப் போயிருக்கணும். நான்தான் மாத்தி எழுதினேன், டாக்டர் சொன்னாருன்னு."

திட்டுவார், அறைவார் என்று நின்றேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டிச்சு. நர்ஸைக் கூப்பிடவான்னு கேட்டேன். தியேட்டர் சிஸ்டரே நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்களே, எதுக்குத் தொந்தரவுன்னாரு. நானும் பேசாம உட்கார்ந்துட்டேன்."

பிறகு பையைத் துழாவி ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். "இப்ப சொன்னதை இதுல எழுதிக் குடுங்க."

பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம். கை நீளவே இல்லை.

"டியூட்டிக்கு நேரமாச்சும்மா," என்று மேலே ஏறினேன்.