அம்பு தொடாத இடம்

ரங்கநாயகி டீச்சர் எதிர்வீட்டு எருமையைப் பக்கவாட்டில் வரைந்தார்; மறுநாள் காலை அதற்கு ஒரு கொம்புதான் இருந்தது. தாராபுரத்தில் அப்போது ஆடி மாதம். எருமைக்காரி பழனாத்தாள் கோபப்படவில்லை. கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு, “ஏனுங்க டீச்சர், அந்த இன்னொரு கொம்பையும் போட்டு உட்டீங்கன்னா சந்தைக்கு ஓட்டீட்டுப் போயிருவனுங்க” என்றாள். டீச்சர் வரைந்தார், கொம்பு முளைத்தது. கறுப்பு வண்ணம் தீர்ந்திருந்ததால் அது நீலமாக இருந்தது. சாம்பல் என்று சொல்பவர்களும் உண்டு. காங்கேயத்துக்காரர் ஒருவர் பல்லை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிப் போனார்.

டீச்சர் அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவர். உரக்கடை மாடியில் மோகன்குமார் நடத்தும் மாலை ஓவிய வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. படத்தில் விட்டது நிஜத்திலும் விட்டுப்போகிறது என்று தெரிந்ததும், வகுப்பில் இருந்தவர்கள் மெல்ல அவர் பார்வைக்கு வெளியே நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். டீச்சரும் அதன்பின் உயிருள்ள எதையும் வரையவில்லை. குடம் வரைந்தார், செங்கல் வரைந்தார். அப்போதும் எழுந்துபோய்க் குடத்தைத் தடவிப் பார்த்தார்.

அந்த ஐப்பசியில் அவர் கணவர் பங்காருவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று கோயம்புத்தூரில் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்துத் திரும்பியவர், மனைவி எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“என்னைய வரைஞ்சுபோடு. அழகா வேண்டாம். முழுசா இருந்தாப் போதும்.”

டீச்சர், முன்பக்கத்தை வரைந்தால் முதுகு என்ன ஆகும் என்று மோகன்குமாரிடம் போய்க் கேட்டார். அவன் தாளின் பின்பக்கத்தில் முதுகை வரையச் சொன்னான். அப்படியே செய்தார். காதுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். முகம் சரியாக வரவில்லை, ஆனால் எதுவும் குறையவில்லை. கடைசியாக நெஞ்சின் மேல் இதயத்தை வரைந்தார். அதை மட்டும் சரிபார்க்கவில்லை; பணிக்காலம் முழுக்கக் கரும்பலகையில் போட்ட படம். அடைப்பில்லாத குழாய்களாகப் போட்டு, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி இழுத்துப் பெயரும் எழுதிவிட்டார்.

படத்தை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடும் துணிவு அவருக்கு இல்லை. பங்காருவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது. இதயத்தின் இடது பக்கம் படத்தில் பார்க்கிறவருக்கு வலது பக்கம். மாற்றி எழுதிய பிள்ளைகளுக்கு அவர் ஒருபோதும் மார்க் போட்டதில்லை. தான் எப்படி எழுதினோம் என்பது நினைவுக்கு வரவில்லை. வீட்டுச் சாவி பழனாத்தாளிடம் இருந்தது. போன் செய்து, படத்தின் முன்னால் போய் நிற்கச் சொன்னார்.

“இடதுன்னு எழுதுனது உங்களுக்குச் சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?”

பழனாத்தாள் சோறு தின்னும் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

“சோத்தாங்கைப் பக்கமுங்க டீச்சர்.”

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். பழனாத்தாள் போனை வைக்கவில்லை.

“கீழ ஒரு அம்பு மட்டும் போய்த் தொடலீங்க. ஒரு அரிசி எடம் உட்டுப்போச்சு. எங்கூட்டுப் புள்ளயோட கண்மை இருக்குது, இழுத்து உட்டறட்டுங்களா?”

கதவுக்கு அந்தப்புறம் பங்காருவின் நெஞ்சு திறந்திருந்த நேரம் அது.

“வேண்டாங்க. தொட்டுப்போடாதீங்க.”

டாக்டர் சசிதர் வெளியே வந்து, அடைப்பு எதுவும் இல்லாததால் அப்படியே தைத்துவிட்டதாகச் சொன்னார். உள்ளே பாகங்களின் பெயர் எழுதியிருந்தது, கையெழுத்து நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

பங்காரு இன்றும் அமராவதிக் கரையில் நடக்கப் போகிறார். படியேறும்போது மட்டும், ஒரு அரிசி இடத்தைத் தாண்டுவதுபோல ஒரு துடிப்பு நின்று பிறகு வருகிறது. டீச்சர் பக்கத்தில் நின்று, அது வரும்வரை தானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அவர் திருத்தாமல் விட்ட தப்பு அது ஒன்றுதான். படம் சாப்பாட்டு அறையில் தொங்குகிறது. விருந்தாளிகள் வந்தால் முதுகுப் பக்கத்தைத் திருப்பி வைப்பார்கள்.